முப்பத்தொரு புள்ளிகள்

வீடு
பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ கப்பலேறிப் பதினோரு நாள் ஆகிறது. அடுத்த துறைமுகத்தில் நீ இறங்கும்போது இந்தக் கடிதம் அங்கே உனக்காகக் காத்திருக்கும் என்று ஏஜென்ட் அலுவலகத்தில் சொன்னார்கள். இல்லாவிட்டால் அவர்கள் சட்டையைப் பிடி. நான் தபால்தலை சரியாகத்தான் ஒட்டினேன்.

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் உன் மகளும்தான். பட்டாணி நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், நேரத்துக்குத் தூங்குகிறாள். நீ போன அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், மறுநாள் சரியாகிவிட்டாள். எட்டு வயதில் மனசு அப்படித்தான், எதையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாது. நீ அங்கே உட்கார்ந்து மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே.

ஆபீசில் தலைக்கு மேல் வேலை, கப்பல்கள் அனுப்பிய கடல் அளவுகள் பிழை நீக்கிச் சுத்தம் செய்யக் குவிந்து கிடக்கின்றன. உன் பெண்டாட்டி நெட்டையின் மேசைக்குப் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். நல்ல பெண்தான். ஆனால் நெட்டை பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்த நாற்காலியை வந்த அன்றே தாழ்த்திக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் உயரத்துக்கு அது தேவைதானே, அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் செக்‌ஷன் தலைவர் முற்றுப்புள்ளி எப்போதும் போலத்தான். "கீழ போகப் போகத் தண்ணி கனமாகணும். குறைஞ்சா கருவிக் கோளாறு. நீக்குங்க. அவ்வளவுதான்" என்கிறார். அதோடு பேச்சு முடிந்தது.

ஆறு மாதம் ஓடிவிடும். கீழே பட்டாணி உனக்கு இரண்டு வரி எழுதியிருக்கிறாள்.

உன் அக்கா

அப்பா நான் நல்லா இருக்கேன். கணக்குல முதல் மார்க்.

•

கப்பலில்
மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஏஜென்ட்டின் சட்டை தப்பியது.

பட்டாணிக்கு என் வேலை என்னவென்று நான் சொன்னதே இல்லை, இதை அவளுக்குப் படித்துக் காட்டு. கடல் முழுக்க ஒரே தண்ணீர் இல்லை, பட்டாணி. அடுக்கடுக்காக நிற்கிறது. வெயில்பட்ட லேசான தண்ணீர் மேலே, குளிர்ந்த கனமான தண்ணீர் அடியில். அடித்தண்ணீர் துருவத்துப் பக்கம் என்றோ மூழ்கியது. அது வெளிச்சத்தைப் பார்த்துப் பல நூறு வருஷம் ஆகிறது. அங்கே இன்றும் குளிர்தண்ணீர் மூழ்கிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் இத்தனை காலத்தில் கடல் விளிம்பு வரை குளிர்தண்ணீராக நிறைந்திருக்க வேண்டும். நிறையவில்லை. எதுவோ ஒன்று கீழே இருப்பதை மேலே இருப்பதோடு கலக்கிவிடுகிறது. அது எங்கே, எவ்வளவு என்று கண்டுபிடிக்கத்தான் உன் அப்பா வந்திருக்கிறேன். கம்பியில் கருவியைக் கட்டி இரண்டு மணி நேரம் இறக்குவோம், இரண்டு மணி நேரம் ஏற்றுவோம். கம்பியைச் சுற்றும் வின்ச்காரருக்கு ஒரு காது கேட்காது. எந்தக் காது என்று அவருடைய மனநிலையைப் பொறுத்து மாறும்.

இதையும் படித்துக் காட்டு அக்கா. பட்டாணி, நேற்று டீ போடும்போது பழக்கத்தில் இரண்டு கப் எடுத்துவிட்டேன். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சமையல்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். அம்மா ஞாபகம் எனக்குத் தினமும் வருகிறது. உனக்கு வந்தால் எனக்கு எழுது. நாம் இரண்டு பேரும் அவளைப் பற்றிப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்.

அக்கா, கப்பல் வேலையை இன்னும் எட்டு மாதம் நீட்டிக்கலாம் என்று தலைமை விஞ்ஞானி சொல்கிறார். கடலடி மலைத்தொடர் ஒன்றின் மேல் தொடர்ந்து அளக்கப் போகிறார்கள். எனக்கு இரண்டு மனசு. பட்டாணி எப்படி இருக்கிறாள் என்று உண்மையாக எழுது, அதை வைத்து முடிவு செய்கிறேன்.

உன் தம்பி

•

வீடு
ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். வின்ச்காரர் காதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். உடனே, "அத்தை, நாமளும் ஒரு கடல் பண்ணலாம்" என்று ஆரம்பித்துவிட்டாள். ஒரு கண்ணாடித் தம்ளரில் நிறைய உப்பைக் கரைத்து நீல மை கலந்தோம். அதன் மேல் நல்ல தண்ணீரைக் கரண்டியின் பின்பக்கமாக, கை நடுங்காமல் ஊற்றினோம். எனக்குத்தான் கை நடுங்கியது, அவளுக்கு இல்லை. கோடு கிழித்த மாதிரி கீழே நீலம், மேலே வெறும் தண்ணீர். சமையலறை ஜன்னலில் வைத்து, "யாரும் தொடக் கூடாது" என்று சீட்டு ஒட்டியிருக்கிறாள். நாலு நாள் ஆகியும் அப்படியேதான் நிற்கிறது. பாத்திரம் கழுவும்போது நான் முழங்கையை ஒடுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நீ உண்மையாக எழுதச் சொன்னாய். உண்மையைத்தான் எழுதுகிறேன். ஒரு குறையும் இல்லை. வாய் ஓயாமல் பேசுகிறாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடுகிறாள். அவள் அம்மாவைப் பற்றிக் கேட்பதே இல்லை. ஆறிக்கொண்டிருக்கும் இடத்தை நாமாகப் போய்க் கிளற வேண்டாம் என்று எனக்குப் படுகிறது. வேலையை நீட்டித்துக்கொள், தயங்காதே. இவள் என்னோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ என்னை அவள் அம்மா என்றே நினைத்துப் பேசினார்கள். அந்தக் கூத்தை நேரில் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். டீயைக் குறை.

உன் அக்கா

அப்பா நான் நல்லா இருக்கேன். கடல் பண்ணினோம்.

•

கப்பலில்
ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த மார்ச் வரை கப்பல்தான்.

உன் கடிதத்தை நாலு தரம் படித்துவிட்டுத்தான் போட்டேன். பட்டாணி நன்றாக இருப்பதில் சந்தோஷம். சந்தோஷம் என்று எழுதிவிட்டு நெஞ்சைத் தொட்டுப் பார்த்தால் கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது. அப்பா எப்போது வருவாய் என்று ஒரு வரி எழுதுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு கப் டீயைப் பற்றி நான் எழுதியதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகள் மறக்கப் பிறந்தவர்கள் போலிருக்கிறது. என்னால் முடியவில்லை. மறந்துபோன குழந்தையின் எதிரில் அழுமூஞ்சியாக வந்து உட்காருவதைவிட இங்கேயே இருப்பது அவளுக்கும் நல்லது.

இன்னொரு செய்தி. மலைத்தொடரின் மேல் மூவாயிரத்து நானூறு மீட்டர் ஆழத்தில் கருவி ஏதோ வித்தியாசமாகக் காட்டுகிறது. அச்சு ஓடும்போது என் கண்ணில் பட்டது, உட்கார்ந்து பார்க்க இன்னும் நேரமில்லை. காந்த நாடாக்களை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். வேறு யார் கையிலும் போகாமல் நீயே பார். நெட்டை இருந்திருந்தால் நீங்கள் இரண்டு பேரும் இதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சண்டை போட்டிருப்பீர்கள்.

உன் தம்பி

•

வீடு
ஆகஸ்ட் 27

அன்புள்ள தம்பிக்கு,

நாடாக்கள் வந்தன. நானே உட்கார்ந்து சுத்தம் செய்தேன். அந்த ஆழத்தில் முப்பத்தொரு புள்ளிகள் தலைகீழாக இருந்தன, கனமான தண்ணீர் லேசானதன் மேல் நிற்கிற மாதிரி. உன் கருவிக்கு என்னவோ ஆகியிருக்கிறது, அடுத்த துறைமுகத்தில் பழுது பார்க்கச் சொல். எல்லாவற்றையும் நீக்கி, கோட்டை நேராக்கி, வரைபடங்களை அனுப்பியிருக்கிறேன். பார்க்க வழுவழுவென்று அழகாக இருக்கிறது. முற்றுப்புள்ளியே "நல்லா வந்திருக்கு" என்றார். பதினான்கு வருஷத்தில் இரண்டாவது தரம்.

பத்தொன்பதாம் தேதி வந்தது, போனது. நெட்டை போய் ஒரு வருஷம். உனக்கு அங்கே எப்படி இருந்ததோ என்று நினைத்துக்கொண்டேன். பட்டாணிக்கு அந்தத் தேதி நினைவில்லை, நானும் சொல்லவில்லை. சாயந்திரம் வரை வெளியே விளையாடிவிட்டு வந்து தூங்கிவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் தம்ளர் என் முழங்கை பட்டு உடைந்துவிட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, சமர்த்து.

உன் அக்கா

அப்பா நான் நல்லா இருக்கேன். இங்க மழை.

•

கப்பலில்
அக்டோபர் 19

அக்காவுக்கு,

உன் வரைபடங்களும் கடிதமும் ஒரே உறையில் வந்தன. வரைபடங்களைப் பற்றி முதலில் எழுதுகிறேன், அதை எழுதினால்தான் மற்றதை எழுத எனக்குத் தைரியம் வரும்.

கப்பலில் இருந்த மூல அச்சுத் தாளை உன் வரைபடத்துக்குப் பக்கத்தில் விரித்தேன். அந்த முப்பத்தொரு புள்ளிகள் கோளாறு இல்லை, அக்கா. தண்ணீரின் சூடு சட்டென்று மாறும் மேல் நூறு மீட்டரில் உப்பு அளக்கும் முனை பின்தங்கிப் பொய் சொல்லும், அங்கே நீக்குவது சரி. ஆழத்தில் அது பொய் சொல்ல வழியில்லை. நீர்மட்டத்தில் ஏறி இறங்கும் ஓதம் அடியிலும் ஓடுகிறது. அது மலையில் மோதி, அடுக்குகளுக்குள்ளே பெரிய அலையை எழுப்பி, அந்த அலை உடைந்து புரண்டிருக்கிறது. தொண்ணூறு மீட்டர் உயரத்துக்குக் கனமான தண்ணீர் லேசானதன் மேல் ஏறிக் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது. அப்புறம் இடிந்து விழுந்து கலந்திருக்கும். கலப்பது எங்கே என்று தேடித்தானே வந்தேன். நான் ஒன்பது மாதமாகத் தேடியது அந்த முப்பத்தொரு புள்ளிகளில்தான் இருந்தது. நீ அதைத்தான் எடுத்துவிட்டு வழுவழுவென்று ஒரு கோட்டை அனுப்பியிருக்கிறாய்.

அதற்காக எனக்குக் கோபம் இல்லை. உங்கள் ஆபீஸ் விதி அப்படி, உன்மேல் தப்பில்லை. மூலம் என்னிடம் இருக்கிறது.

வரைபட மேசை விளக்கைச் சாய்த்து வைத்துத்தான் உன் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உன் கடிதம் கிடந்தது. அடியில் பட்டாணி எழுதிய வரிக்குக் கீழே தாள் மெலிந்து, ரப்பர் தேய்த்த தடம் தெரிந்தது. பென்சில் போன பள்ளத்தில் நிழல் விழுந்தது. மற்ற இரண்டு கடிதங்களையும் எடுத்து விளக்கில் பிடித்தேன்.

பிப்ரவரி: அப்பா நான் பீரோக்குள்ள உக்காந்துக்கறேன். அம்மா மழைக்கோட்டு வாசனையா இருக்கு.

ஏப்ரல்: அப்பா அம்மாவ மறந்துட்டியா.

ஆகஸ்ட்: அப்பா எப்ப வருவே. அம்மா கோட்டக் காணோம்.

அக்கா, என் மகளுக்கு உண்மையில் என்ன ஆகிறது? என் கடிதங்களில் எவ்வளவு படித்தாய், எவ்வளவு விட்டாய்? கோட்டு எங்கே? சுத்தம் செய்யாமல் எழுது. இப்படி ஒரு கடிதத்தை உனக்கு எழுத வேண்டியிருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

தம்பி

•

வீடு
நவம்பர் 25

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று நாளாகக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

நீ போன இரண்டாம் வாரத்திலிருந்து அவள் படுக்கையை நனைக்கிறாள். பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை என்று டீச்சர் இரண்டு தரம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். கணக்கில் முதல் மார்க் எடுத்தது ஒரே ஒரு தரம்தான், அவள் எழுதியதை அழித்துவிட்டு அதை எழுதச் சொன்னேன். பள்ளி விட்டதும் நெட்டையின் பீரோவுக்குள் புகுந்து, தொங்கும் மழைக்கோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்காருவாள். இழுத்தால்தான் வருவாள். ஜூலையில் அந்தக் கோட்டை எடுத்து மாடிப்படி பெருக்கும் அம்மாளுக்குக் கொடுத்துவிட்டேன். இல்லாவிட்டால் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். அதன் பிறகு வெறும் பீரோவுக்குள் உட்காருகிறாள்.

ஆகஸ்ட் பத்தொன்பது அவளுக்கு நினைவிருந்தது. காலையிலேயே ஆஸ்பத்திரி பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டாள். நெட்டை அங்கே படுத்திருந்த அந்தப் பதினெட்டு நாளும் நீ அவளைப் பார்க்கப் போய்வந்த பஸ். சாயந்திரம் வரை அங்கே நின்றவளைக் கண்டக்டர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். அதைத்தான் வெளியே விளையாடினாள் என்று உனக்கு எழுதினேன்.

தம்ளர் என் கை பட்டு உடையவில்லை. மாதங்கள் போகப் போக அந்தக் கோடு மெல்லக் கரைந்து வந்தது. அன்று பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்ததும் பார்த்தாள். "ரெண்டும் கடைசில பேசிக்கிச்சு அத்தை, நாம மட்டும் பேசறதே இல்ல" என்று சொல்லி அவளேதான் தரையில் போட்டாள்.

உன் கடிதத்தில் வின்ச்காரரைப் படித்தேன், டீ கப்பை விட்டுவிட்டேன். "அப்பாவுக்கு அம்மா ஞாபகமே வராதா அத்தை?" என்று கேட்டாள். அப்பா தைரியசாலி, அழ மாட்டார் என்றேன். அவளுக்கு அப்பா அழுவதில்லை, உனக்கு மகள் அழுவதில்லை. நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் நான்தான் கோட்டை நேராக்கிக்கொண்டிருந்தேன். அவள் அழுது எழுதினால் நீ அங்கே உடைந்துபோவாய், நீ அழுதால் அவள் இங்கே உடைந்துபோவாள் என்றுதான் ஆரம்பித்தேன். பதினான்கு வருஷமாகப் பகல் முழுக்க இதைத்தானே செய்கிறேன், கை தானாகப் போனது.

ஆனால் அது மட்டும் காரணம் என்று எழுதினால் இந்தக் கடிதத்தையும் சுத்தம் செய்தவள் ஆவேன். ஏப்ரலில் ஒருநாள் காய்ச்சலில் என்னை "அம்மா" என்று கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை. வேலையை நீட்டித்துக்கொள் என்று உனக்கு எழுதியது அதற்கு மறுநாள். நீ வந்தால் அவளைக் கூட்டிப்போய்விடுவாய் என்று பயந்தேன். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு வீட்டில் ஒரு குரல் கேட்டது, தம்பி. அதை விட மனசு வரவில்லை.

கீழே அவளே எழுதியிருக்கிறாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள், ரப்பரை உன் உறைக்குள்ளேயே போட்டிருக்கிறேன். உன் எல்லாக் கடிதத்தையும் அவள் கையில் கொடுத்துவிட்டேன். இப்போது உள்ளே உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

அக்கா

அப்பா நீ டீ கப்ப பாத்து அழுதியா. நெஜமாவா. நானும்தான். சீக்கிரம் வா.

•

கப்பலில்
ஜனவரி 3

அக்காவுக்கு,

இந்தத் துறைமுகத்தோடு இறங்கிக்கொள்கிறேன். இருபதாம் தேதி வீட்டில் இருப்பேன். பட்டாணியின் துணிமணிகளை எடுத்து வை. வேறு ஊரில், கரையிலேயே ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

நீ செய்ததில் அன்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. முடியும்போது எழுதுகிறேன். அதுவரை அவளுக்கு நீ எழுத வேண்டாம்.

தம்பி

•

வீடு
மார்ச் 16

அன்புள்ள தம்பிக்கு,

நலமில்லை.

நீங்கள் போனபின் இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டிலும் நலம் என்று எழுதியிருந்தேன், அதனால்தான் பதில் வரவில்லையோ என்னவோ. இதைப் பென்சிலில் எழுதுகிறேன். வீட்டில் ரப்பர் இல்லை, உன்னிடம் இருக்கிறது.

நீ வந்த அன்று ஹாலில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதீர்கள். நான் சமையலறையில் பாலைப் பொங்கவிட்டுவிட்டு நின்று கேட்டேன். அவள் அப்படி வாய்விட்டு அழுது நான் கேட்டதே இல்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பசிக்கிறது என்றாள். நான் ஒரு வருஷம் ஊட்டியும் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. நீக்க வேண்டியது அந்த அழுகையில் ஒன்றுமே இல்லை, தம்பி. இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

உன் முப்பத்தொரு புள்ளிகளையும் திரும்பச் சேர்த்துவிட்டேன். முற்றுப்புள்ளி, "விதின்னா விதிதான். அவ்வளவுதான்" என்றார். பதினான்கு வருஷத்தில் முதல் தரமாக அவர் பேச்சு முடிந்த பிறகு நான் பேசினேன். இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை. கோப்பில் "நீக்கியது தவறு" என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். உன் ஆய்வுக் கட்டுரைக்கு அது வேண்டும்.

இன்னும் ஒன்று. எல்லாவற்றையும் சொல்லிவிட்ட மாதிரி நவம்பரில் எழுதினேன். அதிலும் ஒன்றை மறைத்தேன். மழைக்கோட்டை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆபீசில் என் அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன்.

குழந்தையிடமிருந்து பிடுங்கி நான் ஏன் வைத்துக்கொண்டேன் என்று நீ கேட்பாய். அவள் உனக்குப் பெண்டாட்டி, பட்டாணிக்கு அம்மா. எனக்கு அவள் யார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. உனக்குப் பார்த்து முடித்தது நான்தான், அதற்கு முன்பே அவள் எனக்குப் பக்கத்து மேசை. மழையில் அந்தக் கோட்டுக்குள் இரண்டு பேரும் தலையை விட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவோம். அவள் உயரத்துக்கு நான் எட்ட மாட்டேன், பாதி நனைந்துதான் ஏறுவேன். அவள் போன அன்று நீ உடைந்தாய், பட்டாணி உடைந்தாள், யாராவது ஒருவர் சோறு வடிக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து நான் அழவில்லை. அலமாரியைத் திறந்து வாசனை பிடித்துவிட்டு மூடுவேன், அவ்வளவுதான். போன வாரம் புதுப்பெண் அதைப் பார்த்துவிட்டாள். "யார் கோட்டு அக்கா, இவ்வளவு நீளமா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆபீஸ் மொத்தமும் எழுந்து வருகிற அளவுக்கு அழுதேன். ஒன்றரை வருஷம் தாமதமாக.

நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. பட்டாணிக்கு எழுதவும் இல்லை, நீ வேண்டாம் என்றாய். கோட்டைத் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். அவளிடம் கொடு. நான் அனுப்பினேன் என்று சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

துவைக்கவில்லை. இடது பையில் ஏதோ இருக்கிறது, தொட்டால் காகிதம் மாதிரி சரசரக்கிறது. பஸ் டிக்கெட்டாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். நான் கையை விட்டுப் பார்க்கவில்லை. இருக்கிறபடியே அனுப்புகிறேன்.

உன் அக்கா